சக்கரவர்த்தி படத்துக்கு ஒரு மாலை

2603 ஏப்ரல் 5, திங்கள்

மேலே போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்தால் எனக்கே இன்னும் திக்கென்கிறது. வெள்ளைக்காரன் கணக்கில் இது 1943. ஜப்பானியரின் முதல் சக்கரவர்த்தி பட்டம் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எண்ணினால் 2603. இனி அப்படித்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு. கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தாயிற்று. ஆகையால் பேராக் காட்டுக்குள் இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் சூரியன் எழுந்திருக்கும்போது மணி எட்டைத் தாண்டிவிடுகிறது.

நாட்குறிப்பு எழுதுவது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சண்டை தொடங்கிய டிசம்பரில் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனவர்தான். அன்று முதல் பெரிய கிராணியாகிய, அதாவது தலைமைக் குமாஸ்தாவாகிய தெய்வசிகாமணிதான் இந்தத் தோட்டத்துக்கு எல்லாம். எல்லாம் என்றால், அறை வாங்குவதற்கும் நான்தான். "இதையெல்லாம் எழுதி வெச்சு யாரு படிக்கப் போறாங்க? பிடிபட்டா தலை போயிடும்" என்கிறாள் என் மனைவி சௌந்தரம். அதனால் இந்த நோட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பானைக்குள் வேறு எதுவும் இல்லை.

இன்று இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, இந்த மாதம் 29ஆம் தேதி தென்சோசெட்சு. சக்கரவர்த்தியின் பிறந்தநாள். மலாயா முழுவதற்கும் விடுமுறை. சுற்றியுள்ள மூன்று தோட்டத்து ஜனங்களும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் நம் பெரட்டுக் களத்தில் கூடி வணங்க வேண்டும். ஏற்பாடு, கிராணி.

இரண்டாவது, சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். நம் தோட்டத்திலிருந்து இருபது ஆண்கள் வேண்டும். மூன்று மாத வேலை, பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பெயர்ப் பட்டியல், அதுவும் கிராணி.

பிறந்தநாள் கொண்டாடுவது எனக்குப் புதிதல்ல. ஜூன் மாதத்தில் இங்கிலாந்து ராஜா பிறந்தநாள் வரும். கொடி ஏற்றுவோம், பாட்டுப் பாடுவோம், சாக்கு ஓட்டம் நடக்கும், பிள்ளைகளுக்குக் கலர்த் தண்ணீர் கிடைக்கும். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான். ராஜா எங்கோ இருந்தார், நாங்கள் இங்கே இருந்தோம், ஒருவரால் ஒருவருக்குத் தொந்தரவு இல்லை. இந்தச் சக்கரவர்த்தி அப்படி இல்லை.

2603 ஏப்ரல் 9, வெள்ளி

ஒகாவா வந்திருந்தார். இப்போது ராணுவத்தாருக்கு மொழிபெயர்ப்பாளர், இடுப்பில் கத்தி. சண்டைக்கு முன்னால் பதினைந்து வருஷம் டவுனில் போட்டோக் கடை வைத்திருந்தவர். எங்கள் கல்யாணப் படத்தை எடுத்ததே அவர்தான். "மூஞ்சி தூக்கு, சிரிக்காதே" என்று அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தோட்டத்தில் யாராவது செத்துப்போனால் இருக்கிற பழைய படத்தைக் கொண்டுபோய் அவரிடம்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வருவோம். பாதித் தமிழ், பாதி மலாய் பேசுவார். அப்போது நல்ல மனிதர். இப்போதும் நல்லவராக இருக்கலாம், கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இருபது ஆள். பத்தொன்பது இல்லை" என்றார். "ஒரு ஆள் கம்மி, கிராணி நீ வா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை என்பதால் அங்கமுத்து சௌந்தரத்துக்கு ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்தான். பால்வெட்டுத் தொழிலாளி. மாரியம்மன் கோவிலுக்கு மாலை கட்டுவதும் அவன்தான். இடது கால் விந்தி விந்தி நடப்பான். மரம் முறிந்து விழுந்த கால். எனவே பட்டியலுக்கு அவனை நினைக்க வேண்டியதே இல்லை.

2603 ஏப்ரல் 14, புதன்

சித்திரை வருஷப் பிறப்பு. சுபானு பிறந்தது. ஆக 1943, 2603, சுபானு என்று மூன்று வருஷங்களில் ஒரே சமயத்தில் வாழ்கிறேன். எதிலும் அரிசி இல்லை.

2603 ஏப்ரல் 18, ஞாயிறு

ஒத்திகை. முந்நூறு பேருக்குக் குனியச் சொல்லித் தருவது லேசில்லை. இடுப்பிலிருந்து மடிய வேண்டும், முதுகு பலகையாக இருக்க வேண்டும், நான் கை தட்டும்வரை நிமிரக் கூடாது. நம் ஆட்களுக்குக் கும்பிடத் தெரியும், விழுந்து வணங்கத் தெரியும். இந்த நடுவாந்திர மடிப்பு வரவில்லை. கிழவர்கள் குனிந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கடம். தோக்கியோ இருக்கும் திசை வடகிழக்கு. எங்கள் வடகிழக்கில் இருப்பது தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கக்கூசு. முந்நூறு பேரும் பயபக்தியோடு அதைப் பார்த்துக் குனிந்ததும் பின்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென்னங்கீற்றில் தட்டி பின்னி மறைக்க ஏற்பாடு செய்தேன்.

"என்னங்க, நெத்தியெல்லாம் இப்படி வேர்க்குது?" என்றாள் சௌந்தரம். வெயில் என்றேன். மேகமூட்டமாக இருந்தது.

2603 ஏப்ரல் 22, வியாழன்

பத்தொன்பது பெயர் எழுதிவிட்டேன். கல்யாணமாகாதவர்கள் பன்னிரண்டு. தானாகவே வருகிறேன் என்றவர்கள் நால்வர், அங்கே அரிசிச் சோறு போடுகிறார்களாம். மீதி மூவரை எப்படி எழுதினேன் என்பதை எழுத விருப்பமில்லை.

இருபதாவது வரி காலி. எண்ணை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒகாவா சிரித்த சிரிப்பு ஞாபகம் வருகிறது. எனக்கு வயது நாற்பத்து நான்கு. மூட்டு வலி உண்டு. சயாமில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

விழா மட்டும் நன்றாக நடந்தால் ஒகாவா மனம் இளகி, பத்தொன்பதோடு விட்டுவிடக்கூடும். எனக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். ஆகவே மலாயாவில் எந்தத் தோட்டமும் செய்யாத அளவுக்கு இந்தப் பிறந்தநாளைச் செய்து காட்டப்போகிறேன்.

2603 ஏப்ரல் 25, ஞாயிறு

சக்கரவர்த்தியின் படம் வந்தது. ஒகாவா தம் கையாலேயே சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, கையில் வெள்ளை உறை மாட்டி, நெஞ்சுக்கு நேரே ஏந்தி லாரியிலிருந்து இறங்கினார். பார்த்தால் பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிறார் என்றுதான் சொல்வார்கள்.

விதிகளை வரிசையாகச் சொன்னார். வெறுங்கையால் தொடக்கூடாது. அதற்கு மேலே யார் தலையும் இருக்கக்கூடாது. அதன் முன்னால் இருமக்கூடாது. முதுகைக் காட்டி நடக்கக்கூடாது. துரையின் பீரோவைக் காலி செய்து அதற்குள் வைத்துப் பூட்டினோம். துரையின் விஸ்கி பாட்டில்கள் இருந்த பீரோ. அதை நான் சொல்லவில்லை.

"மத்த ராஜா எல்லாம் ஆளு" என்றார் ஒகாவா. "எங்க தென்னோ ஆளு இல்லை, கிராணி. கடவுள்."

கடவுள் என்றால் எங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

2603 ஏப்ரல் 28, புதன்

எல்லாம் தயார். கொடிக்கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தட்டி கட்டியாயிற்று. மேடைக்குச் சௌந்தரத்தின் கல்யாணப் பட்டு விரிப்பாகப் போகிறது. அவளுக்கு முகமே இல்லை. விழா முடிந்ததும் ஆளுக்கு அரைப்படி அரிசி கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஆகவே கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

மாலையும் வந்துவிட்டது. செவ்வரளியும் வெள்ளரளியும் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் செம்பருத்தி. ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மனுக்குக்கூட இவ்வளவு நல்ல மாலை இதுவரை கட்டியதில்லை. சௌந்தரம் துணியை விலக்கிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.



2603 ஏப்ரல் 29, வியாழன். தென்சோசெட்சு

காலையில் மேஜர் ஒருவர் வந்தார், கூட ஒகாவா. முந்நூற்று நாற்பது பேர். கொடி ஏறியது. பிள்ளைகள் ஜப்பானியரின் தேசிய கீதமான கிமிகாயோ பாடினார்கள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் அழகாகப் பாடினார்கள். வடகிழக்கே திரும்பி எல்லோரும் மடிந்தார்கள். கிழவர்கள்கூட உட்காரவில்லை. என் உடம்பில் உயிர் திரும்பி வந்தது.

பிறகு படத்தின் துணியை விலக்கினார்கள். கையுறை போட்டுக்கொண்டு போய் நான் மாலையைச் சாத்தினேன். கீழே குத்துவிளக்கு, ஊதுவத்தி. கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஜனங்கள் தாமாகவே கை கூப்பினார்கள். மேஜர் தலையை ஆட்டிச் சிரித்தார். பிடித்திருந்தது அவருக்கு. வாழ்க என்பதற்கு அவர்கள் சொல்லும் பன்சாயை மூன்று முறை சொன்னோம்.

ஒகாவா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மேஜர் போனதும் என்னை ஆப்பீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரே அறை. என் மூக்குக் கண்ணாடி போய்ச் சுவரோரம் விழுந்தது.

"பூ மாலை. பொட்டு. விளக்கு" என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "உங்க வீட்டில் இந்த மாதிரி யார் படம்? செத்த ஆள் படம். பதினைந்து வருஷம் நான் எத்தனை படம் பண்ணிக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா? தென்னோ பிறந்த நாள் இன்னைக்கு. நீங்க செத்த படம் பண்ணிட்டீங்க!"

கடவுளுக்கும் அப்படித்தான் போடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மேஜருக்குத் தெரியாது. தெரிஞ்சா உன் தலை போகும், என் தலையும் போகும். படம் என் கடைப் படம்" என்றார். "யார் மாலை? பேர் சொல்லு."

யார் மாலை கட்டியது என்று கேட்டார். கட்டியவன் பெயரைச் சொன்னேன்.

பட்டியல் மேஜைமேல் இருந்தது. காலி வரியைப் பார்த்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

அரிசி எல்லோருக்கும் சரியாகக் கிடைத்தது.

2603 ஏப்ரல் 30, வெள்ளி

26ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. நோட்டு பிடிபட்டால் வீண் சந்தேகம் வரும் என்பதற்காகத்தான்.

நான் உள்ளே போனதும் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சௌந்தரம் அருவாமணையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நேற்று ஆப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே அவள் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள் என்று இன்றுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. மல்லிகை வந்தது. அங்கமுத்துவே கொண்டுவந்தான். தகவல் அதற்குள் அவனுக்குப் போயிருந்தது. "கிராணி ஐயா, சயாமுல இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்னா வேல குடுப்பாங்க?" என்று கேட்டான். சமையல் வேலையாக இருக்கும் என்றேன். "அப்படின்னா சரிங்கய்யா" என்றான்.

கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

2603 மே 4, செவ்வாய்

இருபது பேரும் போனார்கள். ஏறுவதற்கு முன்னால் பயண அனுமதிச் சீட்டுக்காக ஒகாவா ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். பழைய கருப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பழையபடியே, "மூஞ்சி தூக்கு, சிரிக்காதே." அங்கமுத்து சிரித்துவிட்டான். மறுபடி எடுக்கவில்லை.

லாரியின் பின்பலகை உயரம். காலைத் தூக்கி வைக்க முடியாமல் தடுமாறினான். அவன் பெண்டாட்டி பவுனு கீழேயிருந்து தாங்கினாள். பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். ஒரு கை கொடுத்திருக்கலாம்.

மூன்று மாதம்தானே.

2603 ஜூன் 11, வெள்ளி

ஒகாவாவின் படங்கள் ஆப்பீசுக்கு ஒரு பிரதி வந்திருக்கின்றன. அதை எப்படியோ தெரிந்துகொண்டு பவுனு வந்தாள். பால் வாளியை வாசலில் வைத்துவிட்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு படத்தக் குடுப்பீங்களா ஐயா? வீட்டுல வெச்சுக்கறேன்."

கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது, இருந்தாலும் கொடுத்தேன். இதையாவது செய்தேன் என்று இருக்கட்டும். பார்த்துச் சிரித்தாள். "சிரிக்காதன்னா கேக்கவே மாட்டாரு" என்றாள்.

மல்லிகையும் கொண்டுவந்திருந்தாள். புருஷன் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. சௌந்தரம் வாங்கிக்கொள்கிறாள், தலையில் வைப்பதில்லை. கிணற்றுச் சுவரின் மேல் வைத்துவிடுகிறாள். சாயங்காலத்துக்குள் கருகிவிடுகிறது.

2603 ஆகஸ்ட் 6, வெள்ளி

மூன்று மாதம் முடிந்து இரண்டு நாள். யாரும் வரவில்லை. ஒகாவாவிடம் கேட்டேன். "பாதை இன்னும் நீளம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பவுனு சொல்லிவிட்டுப் போனாள்: "படத்துக்கு முன்னால பூ மட்டுந்தான்யா வெக்கறேன். மாலை போடல."

நான் கேட்கவே இல்லை. ஏன் என்னிடம் வந்து இதைச் சொல்கிறாள்?

2603 அக்டோபர் 20, புதன்

பவுனு வந்தால் நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். "நீங்களே சொல்லிக்குங்க" என்றாள் சௌந்தரம். ஆறு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

2603 டிசம்பர் 14, செவ்வாய்

டவுனிலிருந்து ஒரு தாள் வந்தது. பங்கீட்டுப் பதிவிலிருந்து நீக்க வேண்டிய பெயர்கள். காரணம் எழுதவில்லை. ஆறு பெயர்கள், ஆறும் சயாமுக்குப் போனவர்களுடையவை.

லயத்துக்குப் போனேன். ஐந்து வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முதல் வீட்டில் எழுந்த ஓலம் கடைசி வீட்டுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் நேரமாகிவிட்டது. மழை வேறு.

ஆறாவது பெயரை இங்கே எழுதவில்லை. தாள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, சாவி என் பூணூல் கயிற்றில் என்று சொல்ல எனக்குப் பூணூல் இல்லை, அரைஞாணில் இருக்கிறது. இந்த நேரத்தில் எனக்கு வேடிக்கை வேறு. பயத்தில் மனிதன் என்னவெல்லாமோ எழுதுகிறான்.

2604 பிப்ரவரி 11, வெள்ளி

புது வருஷம் 2604. இன்று கிகென்செட்சு, முதல் சக்கரவர்த்தி பட்டமேற்ற நாள். மறுபடி குனிந்தோம். படம் கொண்டுவரவில்லை.

மல்லிகை வந்தது. "மாலை போடலீங்கய்யா" என்றாள் பவுனு. இத்தோடு எத்தனை வெள்ளிக்கிழமை என்று எண்ணப் பயமாக இருக்கிறது. சத்தம் போட்டுத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். பூவைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

2604 ஏப்ரல் 28, வெள்ளி

நாளை தென்சோசெட்சு. படம் வந்து பீரோவில் இருக்கிறது. "பூ வேண்டாம்" என்று ஒகாவா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நானும் ஒத்திகை முடித்து ஆப்பீசில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பவுனு உள்ளே வந்தாள். கையில் ஈரத் துணி மூட்டை. அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். செவ்வரளியும் வெள்ளரளியும், நடுவில் செம்பருத்தி.

"படத்துக்கு இந்த வருஷம் மாலை வேண்டாம்மா" என்றேன்.

"தெரியும்யா. இது அந்தப் படத்துக்கில்ல." மாலையின் நாரைச் சரி செய்தபடி, "எங்க வீட்டுப் படத்துக்குப் போடலாமா வேணாமா? நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"செய்தி ஒன்றும்..." என்று ஆரம்பித்தேன்.

"மார்கழி மாசம் பொறக்கறதுக்கு முந்தி அஞ்சு வீட்டுக்குப் போனீங்க. அப்புறமா எங்க வாசலுக்கும் வந்தீங்க. கொடையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க. திரும்பிப் போயிட்டீங்க. கதவுக்குப் பின்னால நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இழுப்பறையைத் திறந்தேன். சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்றது. தாளை எடுத்து வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போடும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அழுதேன். ஆப்பீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், பெண்பிள்ளை முன்னால் அழுதேன். அழுதபடியே சொன்னேன், "மாலை கட்டச் சொன்னது நான்தான் பவுனு. பழியை அவன்மேல் போட்டதும் நான்தான். அந்தப் பெயரை என் கையால்தான் எழுதினேன்."

"தெரியும்யா" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"லாரி ஏறதுக்கு முந்தின நாளே சொல்லிட்டாரு. நான் அருவாளத் தூக்கிக்கிட்டுக் கெளம்பினேன். அவருதான் கையப் புடிச்சு நிறுத்தினாரு. 'கிராணி பயந்துட்டாரு புள்ள, விடு. எனக்கு ஒண்ணு ஆனா மொதல்ல அவருக்குத்தான் கடுதாசி வரும். மாலை போடற நாளை அவரு வாயால கேட்டுக்க. அதுக்கு முந்தி யாரு சொன்னாலும் போட்டுறாத'ன்னாரு. அதான் வெள்ளிக்கெழம தவறாம வந்தேன். இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு வந்தேன்."

மாலையை மறுபடி துணியில் சுற்றினாள். வாசல்வரை போனவள் திரும்பி, "எந்த மாசம்யா? திதி குடுக்கணும்" என்றாள்.

தாளில் தேதி இல்லை. தெரியாது என்றேன். அது ஒன்றுதான் நான் அவளுக்குச் சொன்னதில் என்னைச் சுடாத பதில்.

2604 ஏப்ரல் 29, சனி. தென்சோசெட்சு

கொடி ஏறியது. பாடினார்கள். குனிந்தோம். படம் வெறுமையாக, பளபளவென்று இருந்தது. பவுனு பின்வரிசையில் நெற்றியில் பொட்டில்லாமல் நின்றாள். எல்லோரும் வடகிழக்கே திரும்பியபோது அவள் மட்டும் நேர்வடக்கே திரும்பி மடிந்தாள். சயாம் அந்தப் பக்கம்.

ஒகாவா பார்த்துவிட்டார். என் அருகில் வந்து, "அந்தப் பொம்பளைக்கு யார் செத்தது?" என்று கேட்டார்.

"அங்கமுத்து. போன வருஷம் மாலை கட்டியவன்" என்றேன். பிறகு அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன், "கட்டச் சொன்னது நான்."

அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. "அடுத்த மாதம் பத்து ஆள்" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரிக்குப் போனார். பத்தில் நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சௌந்தரம் அரிசிப் பானையிலிருந்து இந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"கிழிச்ச பக்கத்தைத் திருப்பி எழுதுங்க. பிடிபட்டா பிடிபடட்டும்" என்றாள்.

2603 ஏப்ரல் 26, திங்கள் (கிழித்துப் போட்ட பக்கம்)

பால் நிறுத்துவிட்டு வந்த அங்கமுத்துவை ஆப்பீசுக்குக் கூப்பிட்டேன். சக்கரவர்த்தி படத்துக்கு அம்மனுக்குக் கட்டுவதைவிடப் பெரிதாக ஒரு மாலை வேண்டும் என்றேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வேணாம்யா" என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளி விழான்னு வெள்ளக்கார ராசா படத்துக்கு மாலை போட்டோமே, அதையும் நாந்தான் கட்டினேன். மறு தை மாசமே ராசா போயிட்டாரு. அன்னையிலேருந்து எனக்கு மனசே சரியில்லங்க. உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை வேணாம்யா. உதிரிப்பூ நெறயப் பறிச்சுத் தரேன், காலடியில போட்டுக்குங்க."

ஏழு வருஷமாக இங்கிலாந்து ராஜாவைத் தான்தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. "இவர் ஆள் இல்லையடா, கடவுள். ஒகாவாவே சொல்லிவிட்டார்" என்றேன்.

"கடவுளா இருந்தா சரிங்க. ஒருவேள ஆளா இருந்துட்டாருன்னா?" என்றான். "அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்கள்ல? பொறந்த நாளு அதுவுமா அவங்க வயித்துல அடிக்கணுமா?"

வாயை மூடிக்கொண்டு சொன்னதைக் கட்டு என்றேன்.

"சரிங்கய்யா" என்று, காலை விந்திக்கொண்டு பூப் பறிக்கப் போனான்.